லேப்ராஸ்கோப்பிக்குப் பிறகு வரும் தோள்வலி: எங்கிருந்து வருகிறது, எப்படிக் குறைப்பது

பித்தப்பையை லேப்ராஸ்கோப்பி மூலம் எடுத்து இரண்டு நாள் ஆகிறது. வயிற்றில் போட்ட துளைகள் பெரிதாக வலிக்கவில்லை. ஆனால் வலது தோள் உச்சியில் தாங்க முடியாத வலி, எழுந்து உட்கார்ந்தால் உயிர் போகிறது, இது ஏன், எப்படிக் குறைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆபரேஷன் டேபிளில் கையைத் தவறாக வைத்துவிட்டார்களோ என்ற சந்தேகமும் உங்களுக்கு இருக்கிறது.

முதலில் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். படுத்தபடியே வலிக்கும் பக்கத்துக் கையை மெதுவாகத் தூக்குங்கள், தோளை லேசாகச் சுழற்றுங்கள். அதனால் வலி கூடவில்லை. ஆனால் ஆழமாக மூச்சை இழுத்தால் சுருக்கென்று குத்துகிறது, நிமிர்ந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ஏறுகிறது, மட்டமாகப் படுத்தால் தணிகிறது. இப்படி இருந்தால் உங்கள் தோள் மூட்டுக்கு ஒரு கேடும் வந்திருக்க வாய்ப்பில்லை. வலி தெரிகிற இடம்தான் தோள். அதைக் கிளப்பிவிடுகிற இடம், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம். ஆய்வுக்கு ஆய்வு எண்ணிக்கை மாறினாலும், லேப்ராஸ்கோப்பி செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்காவது இந்த வலி வருகிறது. சில ஆய்வுகளில் பாதிப் பேருக்கும் மேல். இவ்வளவு சாதாரணமாக வரும் ஒன்றைப் பற்றி டிஸ்சார்ஜ் செய்யும்போது பலரிடம் ஒரு வார்த்தை சொல்வதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். வரும் என்று தெரிந்திருந்தால் பாதி பயம் போய்விடும்.

காரணம் இதுதான். லேப்ராஸ்கோப்பியில் வயிற்றைப் பெரிதாகத் திறப்பதில்லை. உள்ளே கேமராவும் கருவிகளும் நடமாட இடம் வேண்டும் என்பதற்காக, வயிற்றுக்குள் சில லிட்டர் வாயுவைச் செலுத்தி, வயிற்றுச் சுவரை உறுப்புகளிடமிருந்து தூக்கி நிறுத்துகிறார்கள். வழக்கமான அழுத்தம் 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரசம். அதற்குப் பயன்படுவது கார்பன் டை ஆக்சைடு. 1901-இல் ஜெர்மனியில் கெயோர்க் கெல்லிங் என்ற மருத்துவர் ஒரு நாயின் வயிற்றுக்குள் கருவியை விட்டுப் பார்த்தபோது வடிகட்டிய காற்றைத்தான் ஊதினார். 1924-இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் ரிச்சர்ட் சொலிகோஃபர் கார்பன் டை ஆக்சைடைப் பயன்படுத்தலாம் என்றார்; அதுவே நிலைத்துவிட்டது. அது தீப்பிடிக்காது, ஆகவே உள்ளே மின்கருவியால் சுட்டு ரத்தத்தை நிறுத்தலாம். ரத்தத்தில் ஆக்ஸிஜனைவிட இருபது மடங்குக்கு மேல் எளிதாகக் கரையும், ஆகவே தப்பித்தவறி ரத்தக் குழாய்க்குள் கொஞ்சம் போனாலும் ஆபத்து குறைவு. மிச்சம் இருப்பதையும் வயிற்றின் உட்சவ்வு உறிஞ்சிக்கொள்ள, ரத்தம் நுரையீரலுக்குக் கொண்டுபோக, நாம் மூச்சில் வெளியே விட்டுவிடுகிறோம்.

ஆபரேஷன் முடிந்ததும் துளைகள் வழியாக வாயுவை வெளியேற்றிவிடுவார்கள். ஆனால் முழுக்கப் போகாது. கல்லீரலுக்கும் உதரவிதானத்துக்கும் இடையில் ஒரு சிறு குமிழியாகவாவது தங்கிவிடும். அங்கே அது செய்யும் வேலை ஒன்றல்ல. உட்சவ்வின் ஈரத்தோடு சேர்ந்து கார்பானிக் அமிலமாக மாறி அந்த இடத்தை உறுத்துகிறது. சாதாரணமாகக் கல்லீரல் உதரவிதானத்தோடு ஈரப்பசையால் ஒட்டியபடி இருக்கும். நடுவில் வாயு புகுந்ததும் அந்த ஒட்டு விட்டுப்போகிறது. அப்புறம் எழுந்து உட்கார்ந்தால் ஒன்றரைக் கிலோ எடையுள்ள கல்லீரல், தன்னைத் தாங்கும் தசைநார்களைக் கீழே இழுக்கிறது. இது போதாதென்று, ஆபரேஷன் நேரம் முழுக்க உதரவிதானம் மேல்நோக்கித் தள்ளப்பட்டு இழுபட்டுக் கிடந்திருக்கிறது. அதன் தசைநார்களும் நரம்பு நுனிகளும் புண்பட்டிருக்கும். வாயு கரைந்த பிறகும் வலி ஓரிரு நாள் நீடிப்பது இதனால்தான்.

சரி, உதரவிதானம் வலித்தால் தோள் ஏன் வலிக்க வேண்டும்? உதரவிதானத்தை இயக்கும் ஃப்ரீனிக் நரம்பு, கழுத்துத் தண்டுவடத்தின் மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது நரம்பு வேர்களிலிருந்து புறப்படுகிறது. கருவில் உதரவிதானம் உருவாகத் தொடங்குவது கழுத்துப் பக்கம். பிறகு அது கீழே இறங்கும்போது நரம்பையும் கூடவே இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. தோள் உச்சித் தோலின் உணர்வை எடுத்துச் செல்லும் நரம்புகளும் அதே மூன்றாவது, நான்காவது வேர்களில்தான் போய்ச் சேருகின்றன. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே அழைப்பு மணி இருந்தால், மணி அடிக்கும்போது யார் வீட்டு வாசலில் ஆள் நிற்கிறார் என்று தெரியாது, அல்லவா? மூளைக்கும் அதே குழப்பம். வாழ்நாள் முழுக்கத் தோளிலிருந்துதான் அதற்குச் சேதி வந்திருக்கிறது. ஆகவே தோள் வலிக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறது. கையைத் தவறாக வைத்திருப்பார்களோ என்ற உங்கள் சந்தேகத்துக்கும் இதுதான் பதில். மண்ணீரல் கிழிந்து ரத்தம் கசியும்போது இடது தோள் வலிப்பதும் இதே பாதையில்தான். ஜெர்மன் அறுவை மருத்துவர் ஹான்ஸ் கேரின் பெயரால் அதைக் கேர் அறிகுறி என்று மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். அதைப் பற்றிப் பின்னால் மறுபடி பேச வேண்டியிருக்கிறது.

வலி எப்போது வரும், எப்போது போகும்? பெரும்பாலும் ஆபரேஷன் அன்றைக்கே பெரிதாகத் தெரியாது. மயக்க மருந்தும் ஊசி வழி வலி மருந்தும் வேலை செய்துகொண்டிருக்கும். நீங்களும் படுத்தே இருப்பீர்கள். எழுந்து உட்காரவும் நடக்கவும் தொடங்கியதும், வாயு மேலே ஏறி உதரவிதானத்தின் அடியில் போய் நிற்கும். அப்போதுதான் தோள் பேச ஆரம்பிக்கும். பலருக்கு முதல் 24 மணி நேரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும். சிலருக்கு ஒரு வாரம் வரை மிச்சம் இருக்கும். வலது பக்கம் வருவதுதான் அதிகம். இடது பக்கமோ இரண்டு பக்கமுமோ வருவதும் உண்டு. பித்தப்பை என்றில்லை, குடல்வால், கருப்பை, சினைப்பைக் கட்டி, குடும்பக்கட்டுப்பாடு என்று வயிற்றுக்குள் வாயு செலுத்திச் செய்யும் எந்த ஆபரேஷனுக்கும் இது பொருந்தும்.

குறைக்கும் வழிகளில் கையோடு பலன் தருவது படுக்கும் முறை. வாயு எப்போதும் உயரமான இடத்தைத் தேடிப் போகும். நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தால் உயரமான இடம் உதரவிதானம். மட்டமாகப் படுத்தால் வாயு வயிற்றின் முன்சுவர் பக்கம் பரவிக்கொள்ளும். உதரவிதானத்துக்கு ஓய்வு கிடைக்கும். ஆகவே வலி ஏறியதும் தலையணையை எடுத்துவிட்டு மல்லாந்து படுங்கள். முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை கொடுத்தால் வயிற்றுத் தசை தளர்ந்து தையல் இழுக்காமல் இருக்கும். அது போதவில்லை என்றால் இடுப்புக்கு அடியில் ஒரு தலையணை வைத்து, இடுப்பு நெஞ்சைவிடச் சற்று உயரமாக இருக்கும்படி பத்துப் பதினைந்து நிமிடம் படுத்துப் பாருங்கள். வாயு அடிவயிற்றுப் பக்கம் நகரும். பலருக்குச் சில நிமிடங்களிலேயே தோள் இலேசாகிவிடும். இடது பக்கம் ஒருக்களித்து, முழங்காலை வயிற்றுப் பக்கம் கொஞ்சம் மடக்கிப் படுப்பது சிலருக்கு இன்னும் சுகமாக இருக்கும். எது ஒத்துவருகிறது என்று உங்கள் உடம்புதான் சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு முரண் வரும். வயிற்றுத் தையலுக்குச் சாய்ந்து உட்கார்ந்தாற்போல் இருப்பது இதம். தோளுக்கோ மட்டமாகப் படுப்பது இதம். இரவில் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தூக்கம் கெடும். என் யோசனை: தூங்கப் போகும் முன் வலி மாத்திரை எடுத்துக்கொண்டு, மட்டமாகப் படுத்துத் தோளைத் தணிய விடுங்கள், பிறகு முதுகுக்கு வேண்டிய அளவு சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். தோள் மறுபடி பேசத் தொடங்கும் உயரத்துக்கு ஒரு படி கீழே நிறுத்திக்கொள்ளுங்கள்.

தலை தாழ்ந்திருக்கும்படி படுப்பது எல்லாருக்கும் சரிப்படாது. இரைப்பை, உணவுக்குழாய், உடல்பருமன் தொடர்பான ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், நெஞ்செரிச்சல் உள்ளவர்கள், படுத்தால் மூச்சு முட்டும் இதய நோயாளிகள், தூக்கத்தில் மூச்சுத் தடைபடுபவர்கள், கண் அழுத்தம் உள்ளவர்கள் ஆகியோர் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் அப்படிச் செய்ய வேண்டாம். முட்டிபோட்டுக் குனிந்து, நெஞ்சைப் படுக்கையில் வைத்து, இடுப்பைத் தூக்கும் நிலை நல்ல பலன் தரும் என்று சிலர் சொல்வார்கள். தத்துவப்படி சரிதான். ஆனால் புதுத் தையல் இருக்கும் முதல் ஓரிரு நாளில் அதைச் செய்ய நான் சொல்ல மாட்டேன். காயம் தேறி, குனிந்தால் வலிக்காது என்ற நிலை வந்தபின், மருத்துவரும் சரி என்றால் செய்துகொள்ளலாம்.

படுக்கையிலிருந்து எழுகிற விதமும் முக்கியம். வார்டில் தினம் கண்ணில் படும் காட்சி இது: நோயாளி மல்லாந்த நிலையிலிருந்து அப்படியே வயிற்றை எக்கி எழப் பார்ப்பார், தையல் இழுக்கும், மூச்சை அடக்கிக்கொள்வார், பாதியில் நின்றுபோய்த் தோளைப் பிடித்துக்கொண்டு முகம் சுளிப்பார். அதற்குப் பதிலாக, முதலில் இரண்டு முழங்காலையும் மடக்கிக்கொள்ளுங்கள். தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி ஒரு பக்கமாக ஒருக்களியுங்கள். கால்களைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டுக்கொண்டே, கீழ்ப்பக்க முழங்கையையும் மேல்பக்க உள்ளங்கையையும் ஊன்றி, மூச்சை வெளியே விட்டபடி எழுந்திருங்கள். கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்காருங்கள். தலை சுற்றவில்லை என்று தெரிந்த பிறகு நில்லுங்கள்.

மருந்து விஷயத்துக்கு வருவோம். வலி பொறுக்க முடியாமல் போனபின் மாத்திரையைத் தேடுவதுதான் பலரும் செய்வது. முதல் இரண்டு மூன்று நாளுக்கு, மருத்துவர் எழுதிக்கொடுத்த வலி மாத்திரையைக் கடிகாரம் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். வலி குறைவாக இருந்தாலும் அந்த நேரத்து மாத்திரையைத் தவற விடாதீர்கள். உச்சத்துக்கு ஏறிய வலியைக் கீழே இறக்குவதைவிட ஏற விடாமல் பிடிப்பது எளிது. பாராசிட்டமால்தான் அடிப்படை. கல்லீரல் நோய் இல்லாத, 50 கிலோவுக்கு மேல் எடையுள்ள பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு வேளைக்கு ஒன்று அல்லது இரண்டு, ஆறு மணி நேர இடைவெளியில். ஒரு நாளில் எல்லாம் சேர்த்து 4 கிராமைத் தாண்டக் கூடாது. எடை குறைந்தவர்களுக்கும், கல்லீரல் கோளாறோ மதுப் பழக்கமோ உள்ளவர்களுக்கும் அளவு இன்னும் குறைவு. இதில் ஒரு கண்ணி இருக்கிறது: சளி மாத்திரையிலும், டிரமடால் என்ற வீரியமான வலி மருந்து கலந்த கூட்டு மாத்திரையிலும், சில வலி மாத்திரைகளிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும். அட்டையின் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள்.

உதரவிதானம் புண்பட்டு அழன்றிருப்பதால், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற அழற்சி குறைக்கும் மாத்திரைகள் பாராசிட்டமாலோடு சேரும்போது தனித்தனியாக எடுப்பதைவிட நன்றாகக் கேட்கும். ஆனால் இவை எல்லாருக்கும் ஆகாது. வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்கள், வலி மாத்திரையால் ஆஸ்துமா கிளம்புபவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள், இரைப்பை பைபாஸ் செய்துகொண்டவர்கள் ஆகியோர் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. இந்த வகையில் இரண்டு வெவ்வேறு மருந்தை ஒரே சமயத்தில் சேர்த்துப் போடுவதும் தவறு. டிரமடால், மார்ஃபின் வகை மருந்துகள் தையல் வலிக்குக் கேட்கும் அளவுக்கு இந்தத் தோள்வலிக்குக் கேட்பதில்லை என்பது பொதுவாகக் காண்பது. அதோடு மலச்சிக்கலையும் குமட்டலையும் கொண்டுவரும். முக்கினால் தையல் இழுக்கும். தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் முதல் தேர்வாக வேண்டாம்.

தோளில் ஒத்தடம் கொடுக்கலாமா என்று கட்டாயம் கேட்பீர்கள். கொடுக்கலாம். வலி கிளம்பும் இடம் வேறு என்றாலும், தோளின் தோலிலிருந்து போகும் இதமான சூடு அதே நரம்பு வேர்களுக்குள்தான் நுழைகிறது. வலியின் கூர்மை கொஞ்சம் மழுங்கும். தவிர, வலிக்குப் பயந்து தோளைத் தூக்கி விறைத்து வைத்திருப்பதால் கழுத்துத் தசை இறுகிப்போயிருக்கும். அது தளரும். வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி, பத்துப் பதினைந்து நிமிடம். பையை வைத்தபடியே தூங்கிவிடக் கூடாது, தோல் வெந்துவிடும். வயிற்றில், துளைகள் இருக்கும் இடத்தில் வேண்டாம். லேசாகத் தடவி விடுவதும் நல்லதே. ஆனால் அழுத்திப் பிசைந்து, கையைப் பின்னுக்கு முறுக்கி, சுளுக்கு எடுக்கிறேன் என்று யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அங்கே எடுப்பதற்குச் சுளுக்கு இல்லை.

அடுத்தது, மிகப் பரவலான ஒரு குழப்பம். "கேஸ்தான் காரணம்" என்று மருத்துவர் சொன்னதும், வீட்டில் எல்லாரும் வாயுப் பிடிப்பு என்று எடுத்துக்கொண்டு, ஏப்பம் வர வைக்கும் சிரப்பும் செரிமானக் கஷாயமும் கொடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். வயிற்றுக்குள் செலுத்திய வாயு குடலுக்குள் இல்லை. குடலுக்கு வெளியே, உறுப்புகளைச் சுற்றியுள்ள இடைவெளியில் இருக்கிறது. அங்கிருந்து ஏப்பமாகவோ ஆசனவாய் வழியாகவோ அது வெளியேற வழியே கிடையாது. ரத்தத்தில் கரைந்து, மூச்சில் போவது மட்டும்தான் வழி. சிமெதிக்கோன் போன்ற மருந்து குடலுக்குள் இருக்கும் வாயுவுக்குத்தான். ஆபரேஷனுக்குப் பிறகு குடல் மந்தமாகி உப்புசம் வருவது உண்மை. உப்பிய குடல் உதரவிதானத்தை மேலே தள்ளி வலியைக் கூட்டவும் செய்யும். அந்த அளவுக்கு அந்த மருந்துகள் உதவலாம். ஆனால் வாயு பிரிந்துவிட்டது, இருந்தும் தோள்வலி போகவில்லையே என்று கலங்க வேண்டாம். இரண்டும் வேறு வேறு வாயு.

நடையைப் பற்றியும் இதே தெளிவு வேண்டும். நடந்தால் வாயு வெளியேறிவிடும் என்று சொல்லி, வலியோடு வலியாக நோயாளியை வராந்தாவில் விரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நிமிர்ந்து நடக்கும் நேரத்தில் தோள்வலி கூடத்தான் செய்யும், வாயு மேலே நிற்பதால். ஆனாலும் நடக்க வேண்டும். காலில் ரத்தம் உறையாமல் இருக்கவும், குடல் வேலையைத் தொடங்கவும், நுரையீரல் விரியவும் நடைதான் கைகொடுக்கும். அதனால் மாத்திரை எடுத்து அரை மணி முதல் முக்கால் மணி நேரம் கழித்து, மருந்து வேலை செய்யும் நேரத்தில், ஐந்து நிமிடம் நடங்கள். வந்து மட்டமாகப் படுங்கள். ஒரே மூச்சில் நீண்ட நடையைவிட, நாளில் பல முறை குட்டி நடை மேல்.

மூச்சு விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். ஆழமாக இழுத்தால் தோள் குத்துவதால், நோயாளி தன்னை அறியாமலே மேலோட்டமாக மூச்சு விடத் தொடங்கிவிடுகிறார். அப்படியே இரண்டு நாள் போனால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிப்போய்ச் சளி தங்கும், காய்ச்சல் வரும். மருத்துவமனையில் பந்து மேலே எழும்பும் சின்னப் பிளாஸ்டிக் கருவி கொடுத்திருந்தால், விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு முறையாவது பயன்படுத்துங்கள். கொடுக்கவில்லை என்றாலும் பரவாயில்லை. மட்டமாகவோ லேசான சாய்விலோ படுத்து, மூக்கால் மெதுவாக, குத்தல் தொடங்கும் எல்லை வரை இழுங்கள். இரண்டு மூன்று விநாடி நிறுத்துங்கள். உதடு குவித்து நிதானமாக விடுங்கள். ஐந்தாறு முறை போதும். அடுத்த முறை அந்த எல்லை கொஞ்சம் தள்ளிப் போயிருக்கும். இருமல் வந்தால் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமுங்கள். வாயு வெளியேறும் வாசலே நுரையீரல்தான் என்பதால், நன்றாக மூச்சு விடுவது எல்லா வகையிலும் நல்லது.

இனி, பின்னால் பேசலாம் என்று சொன்ன விஷயம். உதரவிதானத்தை எது உறுத்தினாலும் தோள் வலிக்கும். மிச்ச வாயு உறுத்தினாலும் அப்படித்தான். ரத்தம் கசிந்து தேங்கினாலும், பித்தநீர் கசிந்தாலும், சீழ் கட்டினாலும் அப்படித்தான். சேதி ஒன்றே. ஆகவே "லேப்ராஸ்கோப்பிக்குப் பிறகு தோள்வலி சகஜம்" என்ற ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒதுக்கிவிடக் கூடாது. வாயுவால் வரும் வலி ஒவ்வொரு நாளும் கொஞ்சமாவது குறைந்துகொண்டு வரும். மூன்றாம் நாளுக்குப் பிறகு கூடிக்கொண்டே போனால், அல்லது போய்விட்டுத் திரும்பி வந்தால், அது வேறு கதை.

பித்தப்பை எடுத்தவருக்கு வலது தோள்வலியோடு வயிற்று வலியும் கூடி, காய்ச்சல், வாந்தி, கண்ணில் மஞ்சள், அடர்நிறச் சிறுநீர் என்று எது சேர்ந்தாலும் பித்தநீர்க் கசிவோ நாளத்தில் அடைப்போ இருக்கலாம்; அன்றைக்கே அறுவை மருத்துவரைப் பாருங்கள். வெப்பமானியில் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட், அதற்கு மேல் காட்டினால் வேறு அறிகுறி இல்லாவிட்டாலும் தெரிவியுங்கள். தோள்வலியோடு முகம் வெளிறி, வியர்த்து, எழுந்தால் கண் இருட்டி, நாடி வேகமாகத் துடித்து, வயிறு உப்பிக்கொண்டு போனால் உள்ளே ரத்தக் கசிவு இருக்கலாம். காத்திருக்காமல் அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும். வயிறு தொட முடியாதபடி கல்லாக இறுகினாலும் அப்படியே.

நெஞ்சு நடுவில் அழுத்தம், இடது கையிலோ தாடையிலோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்குதல் ஆகியவை இதயத்தின் அழைப்பாக இருக்கலாம். "ஆபரேஷனில் செலுத்திய வாயுதான்" என்று நினைத்துப் படுத்துக்கிடந்து நேரத்தை இழக்காதீர்கள். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்களும் முதியவர்களும் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். அவர்களுக்கு மாரடைப்பு தெளிவான நெஞ்சு வலியாக வராமலும் போகலாம். திடீரென்று மூச்சுத் திணறல், மூச்சை இழுத்தால் விலாவில் குத்தல், இருமலில் ரத்தம், ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கமும் வலியும் இருந்தால், காலில் உறைந்த ரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். இதுவும் அவசரம்தான்.

கையைத் தவறாக வைத்ததால் பிரச்சினை வருவதே இல்லையா என்றால், அரிதாக வருவதுண்டு. நீண்ட நேரம் தலை தாழ்ந்த நிலையில் நடக்கும் ஆபரேஷனில் தோளருகே உள்ள நரம்புப் பின்னல் இழுபடலாம். அப்போது விரல்கள் மரத்துப்போகும், கையில் பலம் குறையும், பொருளைப் பிடிக்க வராது. படுத்தாலும் உட்கார்ந்தாலும் மாறாது. வாயுவால் வரும் வலியில் மரப்பும் பலக்குறைவும் இருக்காது. அவை இருந்தால் மருத்துவரிடம் சொல்லிப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆபரேஷனை இனிமேல்தான் செய்துகொள்ளப் போகிறவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த வலியைக் குறைக்கும் வேலையில் பெரும்பகுதி, நீங்கள் மயக்கத்தில் இருக்கும்போதே அறுவை மருத்துவரும் மயக்க மருத்துவரும் செய்ய வேண்டியது. உள்ளே செலுத்தும் வாயுவின் அழுத்தத்தை 8 முதல் 10 மில்லிமீட்டர் பாதரசம் என்ற அளவுக்குக் குறைத்தால் உதரவிதானம் இழுபடுவது குறையும். ஆனால் அழுத்தம் குறையும்போது உள்ளே இடமும் குறையும். பருமனானவர்களுக்கும் சிக்கலான ஆபரேஷனுக்கும் அது ஒத்துவராது, பாதுகாப்புதான் முதலில். முடிவை மருத்துவரிடமே விட்டுவிடுங்கள். முடிக்கும்போது மிச்ச வாயுவை வெளியேற்றச் செலவே இல்லாத ஒரு வழி இருக்கிறது. நோயாளியைத் தலை தாழ்ந்த நிலையில் வைத்து, துளைகளின் வால்வுகளைத் திறந்துவிட்டு, மயக்க மருத்துவர் நுரையீரலுக்குள் நான்கைந்து முறை பெரிய மூச்சாகச் செலுத்துவார். நுரையீரல் விரிந்து உதரவிதானத்தைக் கீழே தள்ள, அதன் அடியில் பதுங்கியிருந்த வாயு துளை வழியே வெளியேறும். 2008-இல் வெளியான ஓர் ஆய்வில் ஐந்து மூச்சு, கடைசி மூச்சை ஐந்து விநாடி நிறுத்துவது என்ற முறையில் செய்து பார்த்தார்கள். தோள்வலி தெளிவாகக் குறைந்தது. அதன்பின் இன்னும் குறைந்த மூச்சழுத்தத்திலும் செய்து பலன் கண்டிருக்கிறார்கள். நுரையீரல் நோய் இருந்தால் இதைத் தவிர்ப்பார்கள். வயிற்றுக்குள் உப்புநீரை நிரப்பி வாயுவை இடம்பெயர்ப்பது, உதரவிதானத்தின் அடியில் மரப்பு மருந்தைத் தெளிப்பது ஆகியவையும் உண்டு. வாயுவைச் சூடாக்கி ஈரமாக்கி அனுப்பும் இயந்திரங்களும் இருக்கின்றன. ஆனால் அவற்றின் பலன் ஆய்வுகளில் உறுதியாகவில்லை, நான் அதற்காக மெனக்கெட மாட்டேன்.

மயக்க மருத்துவர் ஆபரேஷனுக்கு முன் உங்களைப் பார்க்க வருவார். அப்போது தயங்காமல் கேளுங்கள்: "முடிக்கும்போது மிச்ச வாயுவை எப்படி எடுப்பீர்கள்? வலிக்கு வீட்டில் எந்த மாத்திரையை எத்தனை மணிக்கு ஒரு முறை எடுக்க வேண்டும்? எனக்கு ஆகாத மாத்திரை எது?" முந்தைய லேப்ராஸ்கோப்பியில் தோள்வலியால் அவதிப்பட்டிருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். தெரிந்தால் இந்த முறை வாயுவை எடுப்பதில் கூடுதல் நேரம் செலவிடுவார்கள், வலி மருந்தையும் முன்கூட்டியே திட்டமிடுவார்கள்.